வானத்துக்கும் வரத்துவாரி உண்டு



மேடைப் பேச்சுக்குப் பேர்போன தீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்த ஊர் திருமயம். இந்த ஊரில் மைக் பிடித்தால் யாருக்கும் தொண்டை வறளும். ஆகவே சுருக்கமாகப் பேசுகிறேன்.

நம் பக்கத்தில் வயல் எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும், விளைச்சலைச் சொல்லிவிடலாம். கண்மாய்ப் பாசனமா? நெல். மேட்டுப் புஞ்சையா? கடலை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, இடத்துக்கு அன்றே முதலிடம் தந்தது தொல்காப்பியம்.

வானத்திலும் அதே கணக்குதான்! கோடானுகோடி விண்மீன்கள் கூடி வாழும் குடும்பம்தான் கேலக்ஸி. விண்மீன் திரள் என்கிறோம். இந்தத் திரள்கள் வானமெங்கும் ஒரே சீராகத் தூவிக் கிடக்கவில்லை. மீன்வலை போல இழைகள், முடிச்சுகள், நடுவே வெறுவெளிகள். அப்படியொரு மாபெரும் முடிச்சுக் கூட்டத்தை 2017-இல் புனே விஞ்ஞானிகள் அறிவித்து, 'சரஸ்வதி' என்று பெயர் சூட்டினார்கள். மீன ராசிப் பக்கம், 400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. நீளம் மட்டும் 60 கோடி ஒளியாண்டு!

இடம் மாறினால் திரளின் குணம் மாறுமா? 1980-இல் வானியலாளர் ஆலன் டிரெஸ்லர் 55 திரள் கொத்துகளை ஆராய்ந்து கணக்குக் கொடுத்தார். ஒதுக்குப்புறத்தில் நூற்றுக்குச் சுமார் எண்பது திரள்கள் சுருள் வடிவம். நீல ஒளி, புது விண்மீன்கள் பிறக்கும் வீடு. நெரிசலான கொத்தின் நடுவிலோ சுமார் பத்துதான் சுருள். மற்றதெல்லாம் சிவந்து முதிர்ந்து, தொட்டில் ஓய்ந்த வீடு.

ஏன்? விண்மீன் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். கொத்துக்குள்ளோ பல கோடி டிகிரியில் கொதிக்கிற வாயு. அதற்குள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஒரு திரள் பாய்ந்தால், எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பவர் தோள் துண்டு பறப்பது போல, அதன் வாயு உருவப்படுகிறது. வெளியிலிருந்து புது வாயு வரும் வழியும் அடைபடுகிறது. நீர் வந்து சேரும் வரத்துவாரி தூர்ந்த கண்மாய் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

எல்லாம் இடத்தின் வேலையா என்றால், அந்தப் பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை. எடை பெருத்த திரள் எங்கே இருந்தாலும் சீக்கிரம் ஓய்கிறது. பிறவியும் உண்டு, இடமும் உண்டு. எது எவ்வளவு என்பதில்தான் வழக்கு.

நம் பால்வெளி எங்கே இருக்கிறது? ஆண்ட்ரோமீடா என்னும் திரளும் நாமும் பல சிறு திரள்களும் சேர்ந்த ஒரு சிற்றூரில்! கன்னி ராசிக் கொத்து என்னும் பட்டணம் 5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். அதனால் நம் வரத்துவாரி இன்னும் தூரவில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன் எடைக்கு இங்கே விண்மீன்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன.

பிள்ளைகளே, கார்த்திகை மாதம் நிலா இல்லாத முன்னிரவில் மொட்டைமாடி ஏறி வடக்கே உயரப் பாருங்கள். மங்கலான புகைத்திட்டு ஒன்று தெரியும். அதுதான் ஆண்ட்ரோமீடா, 25 லட்சம் ஒளியாண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுத்த வீடு. பார்த்துவிட்டுத் தூங்குங்கள். விடிந்ததும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நம்ம கண்மாய் வரத்துவாரியையும் ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள்.