ஊருக்கு ஓர் ஆடுகளம்



தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். முதுகும் முழங்காலும் படும் பாடு நெசவாளர் வீட்டுப் பிள்ளையான எனக்குத் தெரியும். எங்கள் ஐயம்பேட்டையில் தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது பையன்கள் பந்தடித்தால், "இழை அறுந்துடும், போங்கடா!" என்று விரட்டுவார்கள். விரட்டுவதும் நியாயம்தானே?

இடம் குறைந்த ஊருக்கு ஏற்ற ஓர் ஆட்டம் உண்டு. 1965-இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் தோன்றிய 'பிக்கிள்பால்'. ஊறுகாய்ப் பந்தா என்று சிரிக்காதீர்கள்! ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, கைக்கு அடக்கமான மட்டை. தளம் 44 அடிக்கு 20 அடி. இறகுப்பந்து இரட்டையர் தளமும் அதே அளவுதான். வலை நடுவில் 34 அங்குலம். ஓட்டம் குறைவு, அறுபது வயதுக்காரரும் ஆடலாம்.

சென்னையில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடுகிறார்கள். கூலிக்கு நெய்கிறவருக்கு அது கட்டுப்படியாகுமா? பொதுத்தளம்தான் வேண்டும். இடம் கேட்டு ஊராட்சிக்கு மனு கொடுப்போம். சிமெண்டுத் தளம், வலை, மட்டைச் செலவை நம் சங்கம் ஏற்கட்டும். மாலையில் பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். தார் சுற்றிச் சுற்றியே அவர்கள் தோள் தேய்கிறது. முடிந்தவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே பொருளாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு யாரும் அகப்பட மாட்டீர்கள்!