வின்சென்ட்டின் கூடாரமும் ஜப்பானின் ‘ஹகாய்’ படமும்

(திருச்சியில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆசிய சினிமா பற்றிப் பேசச் சொன்னீர்கள். குரோசாவா, ஓசு என்று தொடங்குவது வழக்கம். நான் திருச்சி ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட்டிலிருந்து தொடங்குகிறேன். ஊர் ஊராகப் படம் காட்டி வந்த தூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905-இல் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் அடித்துப் படம் காட்டியபடியே வட இந்தியா, பர்மா, மலேயா என்று சுற்றினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். நீங்கள் படிக்கும் ஆசிய சினிமா வரலாற்றில் இவருக்கு ஒரு பத்தியாவது இருக்கிறதா?

தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்குதான் என்று கா. சிவத்தம்பி எழுதினார். அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பல்ல, காசு. தரை டிக்கெட்டில் யார் உட்கார்ந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அது வேறு கதை. ஆனாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். வின்சென்ட் கூடாரம் அடித்த காலத்தில் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் தலித் மக்கள் கால் வைக்க முடியாது. மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல்தான் வந்தது.

நம் சினிமா உலகை வென்றது என்பதற்கு எல்லோரும் காட்டும் சான்று ‘முத்து’. 1998-இல் ஜப்பானில் திரையிடப்பட்டு மாதக்கணக்கில் ஓடியது. மகிழ்ச்சிதான். ஆனால் கதை என்ன? வேலைக்காரன் நல்லவன், வீரன். கடைசியில் பார்த்தால் அவன் ஜமீன் ரத்தம். வேலைக்காரன் வேலைக்காரனாகவே நாயகனாக நிற்க நம் கதை அனுமதிக்கவில்லை. நாம் ஏற்றுமதி செய்தது அதைத்தான்.

அங்கிருந்து நாம் எதை இறக்குமதி செய்தோம்? சாமுராய் வாள், ஜென் அமைதி. புராகுமின் மக்களை விட்டுவிட்டோம். தோல், இறைச்சித் தொழில்களோடு சேர்த்து ‘தீட்டு’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். 1871-இல் சட்டம் அவர்களை விடுவித்தது, சமூகம் விடவில்லை. 1922-இல் சுய்ஹெய்ஷா என்ற தங்கள் சொந்த இயக்கத்தைக் கட்டினார்கள். ஷிமசாகி தோசோன் 1906-இல் எழுதிய ‘ஹகாய்’ நாவலின் நாயகன் ஒரு பள்ளி ஆசிரியர். பிறப்பை யாரிடமும் சொல்லாதே என்பது அவன் அப்பாவின் கட்டளை. விடுதியிலிருந்து ஒரு புராகுமின் துரத்தப்படுவதைப் பார்த்து அவன் வேறு இடம் தேடுவதில் கதை தொடங்குகிறது. கினோஷிடா 1948-இலும் இச்சிகாவா 1962-இலும் இதைப் படமாக எடுத்தார்கள். உண்மையைச் சொல்லும் ஆசிரியர் மாணவர்கள் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கும் நாவலின் காட்சி கடுமையான விமர்சனத்துக்கு ஆளானது. பிறந்ததற்கு எதற்கு மன்னிப்பு?

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் “நீங்க சைவமா?” என்று கேட்பதன் பொருள் தெரிந்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த திரையிடலுக்கு இச்சிகாவாவின் படத்தையே எடுங்கள். ஸ்ரீரங்கத்திலேயே ஒரு இடம் பாருங்கள். படம் முடிந்ததும் ஒளிப்பதிவைப் பற்றி அப்புறம் பேசலாம். வீடு தேடி அலைந்தவர்கள் முதலில் பேசட்டும்.