முதல் நாள் 200 கார்

2020 ஏப்ரல் மாதம் மாருதி சுசுகி நிறுவனம் உள்நாட்டில் விற்ற கார் எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை. ஊரடங்கு!

மே 8-ஆம் தேதி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை மறுபடி திறந்தது. முதல் நாள் 200 கார்கள் வெளியே வந்தன. சும்மா பொத்தானை அழுத்தினால் ஓடுகிற வேலையா அது? ஒரு காருக்கு ஆயிரக்கணக்கான உதிரிபாகங்கள். எங்கோ ஒரு பட்டறையிலிருந்து சின்ன ரப்பர் வளையம் வராவிட்டாலும் வரிசை நின்றுவிடும்.

சரி, கார் வந்தாச்சு. வாங்க ஆள் வேண்டுமே! ஜனங்கள் முந்தானையில் காசை முடிந்துகொண்டார்கள். ரிசர்வ் வங்கி மதிப்பீட்டில், அந்த ஏப்ரல்–ஜூனில் குடும்பங்களின் நிதிச் சேமிப்பு நாட்டின் மொத்த உற்பத்தியில் 21 சதவீதம். அடுத்த மூன்று மாதத்திலேயே 10.4. பயத்தில் சேர்ந்த பணம் அது, வசதியில் சேர்ந்ததல்ல. பஸ் ஏறத் தயங்கியவர்கள் சின்னக் கார், பழைய கார் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் முந்தானையில் போட்ட அந்த முடிச்சு அவிழாததன் வலி, 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே ஏற்காட்டில் தெரிந்தது. அந்த ஆண்டு கோடை விழா இல்லை. செப்டம்பரில் மாவட்டங்களுக்கு இடையே செல்ல இ-பாஸ் என்ற பயண அனுமதி தேவையில்லை என்றான பிறகும், வெளியூரிலிருந்து ஏற்காடு வர அது வேண்டியிருந்தது. அங்கே ஒண்டிக்கடை பகுதியில் மிளகாய் பஜ்ஜி போடுகிறவருக்குக் கார் என்றால் அன்றாடக் கூலி. வண்டி வந்து நின்ற பிறகுதான் கடலை மாவைக் கரைக்க முடியும். கரைத்தது மீந்தால், அன்றைய வரும்படி அதோடு போச்சு.