ஜெனரேட்டரின் நோயும் மருந்தும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கியம் பேசும் மேடையிலே பெட்ரோல் எஞ்சினைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்தால் சிலர்க்கு நகைப்பு உண்டாகலாம். ஆயினும் பங்காருபாளையத்தில் வாழும் நமக்கு இஃது அயலான பொருள் அன்று. ஜூன், ஜூலைத் திங்கள்களில் கிளிமூக்கு மாங்காய் வண்டி வண்டியாய் இங்கே வந்து குவிகின்றது. நம்மவருள் கடை வைத்திருப்போரும் மண்டிகளில் பணிபுரிவோரும் அந்நாட்களில் உறக்கத்தையே மறந்துவிடுகின்றனர். நள்ளிரவில் மின்சாரம் நின்றுவிட்டால், இருவர் சேர்ந்து தூக்கிச் செல்லக்கூடிய அச்சிறு மின்னாக்கியைத்தான் நாடுகின்றோம். ஜெனரேட்டர் என்றே எல்லோரும் சொல்லுவதால் நானும் அப்படியே சொல்லுகின்றேன்.

இந்த எந்திரம் ஓடித் தேய்வதைவிடச் சும்மா கிடந்து கெடுவதே மிகுதி. பருவம் முடிந்ததும், டாங்கில் பாதிப் பெட்ரோல் இருக்கும்போதே அதனை மூலையில் தள்ளிக் கோணி போர்த்திவிடுகின்றோம். அடுத்த கோடையில் கயிற்றை இழுக்கின்றோம். கைதான் ஓய்கின்றதேயன்றி எஞ்சின் உயிர்பெறக் காணோம். காரணம் யாது? பெட்ரோல் நாட்பட்டால் அதன் இலேசான பகுதி ஆவியாகிவிடுகின்றது. மிஞ்சியது பிசின்போலத் தடித்து, கார்புரேட்டரில் ஜெட் என்று சொல்லப்படும் நுண்ணிய துளையை அடைத்துவிடுகின்றது. போதாக்குறைக்கு, இந்நாளில் நம் நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் என்னும் எரிசாராயம் கலக்கப்படுகின்றது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் நீரும் எரிசாராயமும் ஒன்றுகூடிப் பெட்ரோலினின்று பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குச் செல்லும் குழாயும் டாங்கின் அடியில்தானே இருக்கின்றது!

ஆகவே முதல் மருந்து, பழைய பெட்ரோலை முற்றும் வடித்துவிடுவது. கார்புரேட்டரின் அடியில் சிறு கிண்ணம் ஒன்றுண்டு. அதன் திருகைத் தளர்த்தி, அதில் உள்ளதையும் வடித்தல் வேண்டும். பிறகு புதுப் பெட்ரோல் ஊற்றி இழுத்தால் பெரும்பாலும் ஓடும். சோக்கை இழுத்து வைத்தால் மட்டும் ஓடுகின்றது, தள்ளினால் நின்றுவிடுகின்றது அல்லது மூச்சிரைப்பவனைப்போல் ஏறியும் இறங்கியும் ஓடுகின்றது என்றால், ஜெட் அடைபட்டிருக்கின்றது என்று கொள்ளலாம். அதற்குரிய கிளீனரைத் தெளித்து ஊதித் துப்புரவு செய்ய வேண்டும். குண்டூசியால் குத்துவோரும் உண்டு. துளை மயிரிழை அகன்றாலும் பிறகு பெட்ரோல் செலவு கூடுமே ஒழிய எந்திரம் செம்மைப்படாது. நோய் வாராமல் காக்க வேண்டுமாயின், பருவ முடிவில் டாங்கைக் காலி செய்துவிட்டு, எஞ்சினைத் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் வறண்டுவிடும்.

மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல, எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் நன்று. பலமுறை இழுத்த பின்னும் அது வறண்டிருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் தீப்பொறி இல்லை, அல்லது சோக்கை மிகுதியாக இழுத்துவிட்டோம். கரி படிந்திருந்தால் காற்று வடிகட்டியைப் பாருங்கள். மாங்காய்ப் பருவத்துப் புழுதி அங்கேதான் குடியிருக்கும்.

எல்லாம் செம்மையாயிருந்தும் எஞ்சின் அசையாவிட்டால் ஆயிலை நோக்குங்கள். பல எந்திரங்களில், ஆயில் குறைந்தால் தீப்பொறியைத் தடுத்துவிடும் காவல் அமைப்பு உண்டு. சரிவான தரையில் வைத்தாலும் அது தடுக்கும். மேடுபள்ளத்தை மாற்றி வைத்தவுடன் எந்திரம் ஓடிய வேடிக்கையும் உண்டு! சிறிது நேரம் ஓடிப் பின் நின்றுவிடுகின்றதா? டாங்க் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம். மூடியைத் தளர்த்தினால் தெரிந்துவிடும்.

எஞ்சின் ஓடுகின்றது, விளக்கு எரியவில்லை என்பது வேறு வழக்கு. முதலில் பிரேக்கர் விழுந்திருக்கின்றதா என்று பாருங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது எடுக்கும் மின்சாரத்தைப்போல் பன்மடங்கைப் புறப்படும் நேரத்தில் கேட்கும். சிறு ஜெனரேட்டர் அதற்குத் தாளாது. விளக்கு மங்குகின்றதென்று வேகத்தைக் கூட்டும் திருகில் கைவைக்காதீர்கள். பெரும்பாலான சிறு எந்திரங்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று என்று அளவிட்டே அமைக்கப்பட்டவை. நெடுநாள் ஓடாமல் கிடந்து உட்காந்தம் குன்றியிருந்தால், அதனை மீட்பது கைதேர்ந்தவர் வேலை.

இதுகாறும் சொன்னவை எந்திரத்தின் நோய்கள். எந்திரம் செவ்வனே ஓடும்போதே ஆளைக் கொல்லும் வழிகள் இரண்டு உண்டு.

முதலாவது புகை. மழை வருகின்றது, திருடன் வருவான் என்று அஞ்சி, ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து, ஷட்டரையும் இறக்கிவிட்டு உறங்குவோர் உளர். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலே உயிர்வளி அமரவேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்ளும் வலிமை, உயிர்வளியினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்டது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். உறங்குவோன் அதையும் அறியான். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானாவிலே லாரா புயல் வீசி ஓய்ந்தது. காற்றுக்குத் தப்பியவர் பலர், மின்சாரமின்றி ஜெனரேட்டரை ஓட்டி அப்புகையால் மாண்டனர். சன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. வெளியே, 20 அடிக்கு அப்பால், புகைக்குழல் வீட்டுக்குப் புறங்காட்டும்படி நிறுத்த வேண்டும். மழைக்கு, நாற்புறமும் திறந்த கூரை ஒன்று அமைத்தால் போதும்; சங்கிலியிட்டுப் பூட்டினால் திருடனுக்கும் வழியில்லை. எவரேனும் மயங்கினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து 108-ஐ அழையுங்கள்.

இரண்டாவது, ஜெனரேட்டரின் கம்பியை வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் செருகுவது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சிதைத்தபோது, குடிநீர்த் தொட்டி நிரப்பவும் கைப்பேசிக்கு உயிரூட்டவும் ஊரூராய் ஜெனரேட்டர்கள் ஓடின. அத்தகைய நேரத்தில்தான் இந்தக் குறுக்குவழி தோன்றும். வீட்டில் பிறந்த 230 வோல்ட் வெளிக்கம்பி வழியே டிரான்ஸ்பார்மருக்குச் சென்று, அங்கே தலைகீழாய்ப் பெருகி 11,000 வோல்ட் கம்பியில் ஏறக்கூடும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் நம் அடுத்த வீட்டுத் தெலுங்கு நண்பராக இருக்கலாம். மின்பணியாளரைக் கொண்டு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்று பொருத்திவிட்டால், இரு மின்சாரமும் ஒருபோதும் சந்திக்கமாட்டா. அதன் விலை ஒரு பருவத்துப் பெட்ரோல் செலவுக்குக் கீழேதான் இருக்கும்.

இந்த மேடைக்கு விளக்களிக்க வந்த ஜெனரேட்டர் பந்தலுக்கு வெளியே நிற்கின்றது. விழா முடிந்து அது ஆறியபின், பிளக்கைக் கழற்றிப் பார்க்க விரும்பும் இளைஞர்கள் என்னுடன் வரலாம்.