பாயோடு ஒட்ட வைக்கும் ஊர்



மட்டக்களப்புக்குப் போகிறவனை மந்திரத்தால் மயக்கிப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்றொரு பேச்சு யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக உண்டு. இடமாற்றம் கிடைத்து இங்கே வரும் இளம் உத்தியோகத்தருக்கு வீட்டார் சொல்லும் புத்திமதி அது. கண்ட இடத்தில் கை நனைக்காதே, மருந்து வைத்துவிடுவார்கள் என்பார்கள். இந்த மண்ணில் பிறந்த எனக்கு அந்தப் பேச்சு வருத்தத்தையே தந்திருக்கிறது. ஒரு முழு மாவட்டத்தின் வைத்தியத்தையும் வழிபாட்டையும் சூனியம் என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள்.

நம் ஊர்களில் மந்திரம் என்று எதைச் சொல்கிறோம்? பிள்ளைக்கு நாவூறு கழிப்பது. இருட்டில் பயந்து காய்ச்சல் கண்டவனுக்குத் தண்ணீர் ஓதிக் கொடுப்பது, நூல் கட்டுவது, திருநீறு போடுவது. விசக்கடிக்குப் பார்வை பார்ப்பது. இவற்றுக்கான மந்திரங்களில் பல தமிழிலேயே இருக்கின்றன. ஏட்டிலிருந்து கொப்பிக்கு, கொப்பியிலிருந்து அடுத்த கொப்பிக்கு என்று கைமாறி வந்தவை. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' மட்டக்களப்பு நாட்டின் வழக்கங்களையெல்லாம் திரட்டி வைத்த நூல். இந்த மரபைக் குறைத்துப் பேசுகிறவர்கள் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

வாழைச்சேனை கடந்து திருகோணமலை வீதியில் வடக்கே போங்கள். காயான்கேணி, மாங்கேணி, அதற்கப்பால் பனிச்சங்கேணி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. வாகரை, கதிரவெளி வரைக்கும் நீளும் இந்தக் கரையில் தமிழ் பேசும் வேடர் வாழ்கிறார்கள். மீன்பிடியும் சேனைப்பயிரும் தேனெடுப்பும் இவர்களுடைய சீவனம். ஆராய்ச்சியாளர்கள் இவர்களைக் கரையோர வேடர் என்பார்கள். மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய பெருநூலிலும் இவர்களுக்கு இடமுண்டு. இறந்துபோன மூதாதையர் தெய்வமாகிக் காவல் நிற்கிறார்கள் என்பது வேடர் நம்பிக்கை. சடங்கு நாளில் மடை என்னும் படையல் வைத்து அழைத்தால் அவர்கள் ஆள்மேல் வந்து ஆடுவார்கள், கட்டுச் சொல்வார்கள், நோய்க்குக் காரணம் காட்டுவார்கள்.

இவர்களின் சடங்குகளில் என் மனதைப் பிடித்தது, கப்பலில் வந்த தெய்வங்களை அழைப்பது. காட்டுக்குள் வாழும் வேடருக்கு மலைத் தெய்வமும் வேட்டைத் தெய்வமும் போதும். கடற்கரையில் குடியிருப்பவனுக்கு அது போதாது. அந்நியரும் வணிகமும் கொள்ளைநோயும் கப்பலேறி வந்து இறங்கிய கரை இது. வந்த அந்நியத்தையும் தெய்வமாக்கி, மடை கொடுத்து, அதோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். எத்தனை பெரிய அறிவு இது!

இத்தகைய மரபை நாம் இகழ்ந்துகொண்டிருக்க, இன்று மேலைநாடுகளில் விக்கா என்றொரு சமயம் வளர்ந்திருக்கிறது. பருவங்களுக்கேற்ப ஆண்டுக்கு எட்டுத் திருநாள், பெண்தெய்வ வழிபாடு, மந்திரச் சடங்கு ஆகியவை அதன் அடையாளங்கள். அதை உலகறியச் செய்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். அவர் 1900ஆம் ஆண்டில், பதினாறு வயதளவில், வேலை பழக வந்தது நமது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு! பிறகு போர்னியோ, மலாயா என்று கீழ்த்திசையிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். சூனிய சக்தி உண்டென்று பாசாங்கு செய்வதற்கு எதிராக இங்கிலாந்தில் இருந்த 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் கார்ட்னரின் நூல் வந்தது. கிறிஸ்தவத்துக்கு முந்திய பழஞ்சமயம் ஒன்று அறுபடாமல் வருகிறது என்று அதில் எழுதினார். வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருவானதுதான் என்கிறார்கள். அதனால் அதை நம்புகிறவர்களின் பக்தி பொய்யாகிவிடாது. ஆனால் கார்ட்னர் தேடியதைப் போன்றதொரு மரபு பனிச்சங்கேணிக் கரையில் உயிரோடு இருக்க, அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று நம் படித்தவர்களே ஒதுக்கியது எனக்கு ஆறாத மனக்குறை.

இதனால் எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டுகிறேன் என்று எண்ணாதீர்கள். பாம்பு கடித்தால் முதலில் போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரி. பார்வை பிறகு பார்க்கலாம். அதேபோல, அயல்வீட்டுக்காரி செய்வினை செய்துவிட்டாள் என்று விரல் நீட்டுவது கொடுமை. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை நாற்பதாயிரம் பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டது அப்படிப்பட்ட விரல் நீட்டலால்தான். பெரும்பாலானோர் பெண்கள். இந்தியாவில் பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் இதைத் தடுக்கச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

சாமியாடுகிறவர்களை ஏளனம் செய்யுமுன் நமது யுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். தொண்ணூறுகளில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களுக்குத் தாய்மார் வந்தார்கள். பிடித்துக்கொண்டு போன மகன் இருக்கிறானா, இல்லையா என்பதே அவர்களின் கேள்வி. படைமுகாமில் கேட்டால் அப்படி ஒருவன் இல்லை என்றார்கள். வெளியில் வாய்திறக்கப் பயம். வாக்குச் சொல்லும் பெண்மணியின் முன்னால் மட்டும் அந்தக் கேள்வியை உரக்கக் கேட்க முடிந்தது, அழ முடிந்தது. அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் இங்கே தங்கியிருந்து இதை விரிவாக எழுதியிருக்கிறார். அடிபட்டவனின் வேதனையைத் தன் உடம்பில் வாங்கித் துடித்த தெய்வக்காரிகளைப் பற்றி அவர் எழுதியதைப் படித்த பிறகு, மாந்திரீகம் என்ற சொல்லை என்னால் இலேசாகச் சொல்ல முடிவதில்லை.

காணாமற்போனோரைத் தேடும் அரச அலுவலகம் 2018இல்தான் இயங்கத் தொடங்கியது. அதே கேள்வியை அம்மன் வாசலில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்ட தாய்மாரில் பலருக்கு இன்னமும் பதில் வரவில்லை.