வந்தியின் பங்கு



ஆவணி மூலத் திருநாளாகிய இன்று, பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலைச் சிந்திக்குமாறு திருக்கோயிலார் எம்மைப் பணித்திருக்கின்றனர். கதையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இங்கு அமர்ந்துள்ள சிறு பிள்ளைகளும் அதனை அறிவர். வையை பெருகிற்று. கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்கை அடைக்க வேண்டும் எனப் பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் மூதாட்டிக்கு அனுப்புதற்கு ஆள் இல்லை. அவள் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. ஆலவாய் அண்ணல் கூடையும் மண்வெட்டியுமாகக் கூலியாள் வடிவில் வந்தது அந்தப் பங்குக்காகவே.

பெருமான் பட்ட பிரம்படியைச் சொல்லி உருகாத சொற்பொழிவாளர் இல்லை. யாம் இன்று அடியை விடுத்துப் பங்கைப் பற்றியே பேசக் கருதுகின்றோம். ஊருக்கு இடர் வருங்கால் ஆளுள்ள வீட்டின் பங்கு எவ்வாறேனும் அடைபட்டுவிடும். ஆளில்லாதவருடைய பங்கை அடைப்பவர் யார்?

இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நேற்றைய சொற்பொழிவு முடிந்தபின் அன்பர் ஒருவர் எம்மிடம் வந்தார். இடிபாடுகளிலும் வெள்ளத்திலும் சிக்கியோரைத் தேடி மீட்கும் தொண்டர் குழு ஒன்றில் அவர் மகன் சேர்ந்திருக்கிறானாம். "சுவாமி, சாவதும் பிழைப்பதும் அவரவர் வினைப்படி அல்லவா? நடுவில் இவன் போய் ஏன் தன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்?" என்று வினவினார். அவ்வினாவில் பாதி தத்துவம். பாதி தந்தையின் அச்சம். இரண்டுக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். அதற்கு முன், அயல்நாட்டுச் செய்தி ஒன்றைச் செவிமடுக்க வேண்டுகின்றோம்.

மெக்சிகோ நாட்டின் தலைநகர் பழைய ஏரிப் படுகை ஒன்றின்மேல் எழுந்த மாநகரம். 1985 செப்டம்பர் 19ஆம் நாள், காலை 7 மணி கடந்து சில நிமிடங்களில், அந்நாட்டின் மேலைக் கடலோரத்தில் நிலம் நடுங்கிற்று. நடுக்கத்தின் அளவு 8. தலைநகரோ அவ்விடத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அத்துணைத் தொலைவு கடந்த அதிர்வு தணிந்திருத்தல் வேண்டும். ஆயின் ஏரியின் அடியில் இருந்த மென்களிமண், சட்டியிலிட்ட தயிர்போல் ஆடி, வந்த அதிர்வைப் பன்மடங்காக்கிற்று. அந்த ஆட்டத்தோடு தாளம் ஒத்த கட்டடங்கள், பெரும்பாலும் ஆறு முதல் பதினைந்து மாடி உடையவை, சரிந்தன. குறுகிய வீடுகள் பல தப்பின. இறந்தோர் தொகை 5,000 என்பாரும், 10,000 என்பாரும், அதனினும் மிகுதி என்பாரும் உளர். எண்ணி முடிக்க இயலாத சாவு அது.

அந்நகரில் த்லாதெலோல்கோ என்று ஒரு பெருங்குடியிருப்பு. அங்கே நுவோ லெயோன் என்னும் நெடிய கட்டடத்தின் மூன்று பகுதிகளில் இரண்டு வீழ்ந்தன. அரசின் ஏவலுக்கு எவரும் காத்திருக்கவில்லை. அண்டை வீட்டாரும், தெருவில் சென்றவரும், மாணவரும், தொழிலாளரும் வெறுங்கையால் கல்லைப் பெயர்த்தனர். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வாளி மாறிற்று. வாளி என்று நாம் சொல்லுகின்றோம். அதுதான் வந்தியின் கூடை. உலகெங்கும் புகழ்பெற்ற பாடகர் பிளாசிடோ டொமிங்கோ தம் உறவினரைத் தேடி அங்கு வந்து, அவ்விடிபாட்டிலேயே மீட்புப் பணி செய்தார். அவருடைய உறவினர் நால்வர் அக்கட்டடத்தில் மாண்டனர். இடிந்த மருத்துவமனையின் அடியிலிருந்து, பச்சிளங்குழந்தைகள் பல நாட்கள் சென்ற பின்னும் உயிரோடு எடுக்கப்பட்டனர். பாலுமின்றி நீருமின்றிக் கிடந்த குழந்தைகளைக் காத்தது யார் என்று கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம் என்பதை இவ்வவைக்கு யாம் கூற வேண்டுவதில்லை. ஆனால் காத்தவனுக்கும் அங்கே சில கைகள் வேண்டியிருந்தன.

இடுக்குகளில் ஊர்ந்து உள்ளே சென்றவர்களை அந்நாட்டு மக்கள் 'தோப்போ' என்று அழைத்தனர். மண்ணைத் துளைத்துச் செல்லும் அகழெலிக்கு அவர்கள் மொழியில் அப்பெயர். உடல் மிகச் சிறுத்த ஒருவர், பிறர் நுழைய இயலாத துளைகளில் நுழைந்தமையால் 'தெள்ளுப்பூச்சி' என்னும் பட்டம் பெற்றார். எலி என்றவுடன் இங்குச் சிலர் நகைக்கின்றீர்கள். நம் சமயத்தில் எலிக்கு உள்ள ஏற்றத்தை மறக்கலாமா? மூத்த பிள்ளையாரைச் சுமப்பது எது? திருமறைக்காட்டில் அணையப்போன விளக்கின் திரியை நெய்யுண்ண வந்த எலி அறியாமல் தூண்டிற்று; மறுபிறப்பில் மாவலி மன்னனாயிற்று. அறியாமல் தூண்டியதற்கே அத்துணைப் பேறு. அணையப்போகும் உயிரை அறிந்தே தூண்டச் செல்பவனுக்கு என்ன பேறு என்று கணக்கிட எம்மால் இயலாது.

அந்தத் தோப்போக்கள் பின்னர் ஒரு தொண்டர் படையாகவே அமைந்தனர். ஊதியம் இல்லை. வயிற்றுக்கு வேறு தொழில். எங்கேனும் நிலம் நடுங்கிற்று என்று கேட்டால் புறப்படுவார்கள். 2010இல் ஹெய்ட்டி, 2015இல் பசுபதிநாதர் எழுந்தருளியிருக்கும் நேபாளம், 2023இல் துருக்கி என்று கடல் கடந்தும் சென்றனர்.

இனி வினாவுக்கு வருவோம். வினை உண்டு, சைவ சித்தாந்தம் அதனை மறுக்காது. ஆயின் கல்லின்கீழ்க் கிடப்பவனுடைய வினை முடிந்ததா, இல்லையா என்பதைக் கல்லின்மேல் நிற்பவன் எவ்வாறு அறிவான்? வினையை ஊட்டுபவன் இறைவன். அக்கணக்கேடு நம்மிடம் தரப்படவில்லை. அவன் பிழைக்க வேண்டியவனாக இருந்து, பிழைப்பிக்கும் கருவி நம் கையாகவே இருந்தால், அப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்ற வினை யாரைச் சாரும்? ஆலகாலம் எழுந்தபோது, "தேவர்கள் வினை, அனுபவிக்கட்டும்" என்று பெருமான் இருந்தானா? திங்களூரில் அரவு தீண்டி மாண்ட மகனை அப்பூதியடிகள் மறைத்து வைத்தபோது, "விதி முடிந்தது" என்று நாவுக்கரசர் அமுது செய்ய அமர்ந்தாரா?

அவினாசியை எண்ணிப் பாருங்கள். சுந்தரமூர்த்தி சுவாமிகள் வீதியில் எழுந்தருளுகின்றார். ஒரு வீட்டில் உபநயன மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை. இரண்டு பிள்ளைகள் மடுவில் நீராடச் சென்று, ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்கு இன்று பூணூல், போனவனுக்கு இன்றும் கண்ணீர். முதலை பிள்ளையைக் கொணர்ந்து தந்த அற்புதத்தையே நாம் கொண்டாடுகின்றோம். அதற்கும் முன் ஒன்று நிகழ்ந்தது. மேளத்தின் ஊடே அழுகை சுவாமிகளின் செவியில் விழுந்தது, அவர் நின்றார். அந்த வீதியில் நடந்தவர் அவர் ஒருவர்தாமா?

மீட்புத் தொண்டர்களுடைய முதற்பயிற்சியும் செவிக்கே. 2017இல் அதே மெக்சிகோவில், அதே செப்டம்பர் 19ஆம் நாளில், ஆண்டுதோறும் நடக்கும் நிலநடுக்க ஒத்திகை முடிந்து இரண்டு மணி நேரம் ஆகும்போது மீண்டும் நிலம் நடுங்கிற்று. இடிபாட்டின்மேல் நின்ற ஒருவர் முட்டியை மடக்கிக் கையை உயர்த்துவார். அதனைக் கண்டவர் தாமும் கை உயர்த்துவர். கணப்பொழுதில் வண்டிகள் நிற்கும், இயந்திரங்கள் அடங்கும், நூற்றுக்கணக்கானோர் மூச்சையும் அடக்கி நிற்பர். எதற்கு? கீழே ஒரு முனகல், ஒரு தட்டும் ஓசை கேட்கின்றதா என்று அறிதற்கு. நம் திருவிழாக்களில் ஒலிபெருக்கியின் நடுவே அப்படி ஒரு மௌனம் எந்நாளேனும் வாய்த்ததுண்டா? (இதனைச் சொல்வதற்காக ஒலிபெருக்கிக்காரர் எம்மைப் பொறுத்தருள்க.)

அடுத்தது தந்தையின் அச்சம். அதில் நியாயம் உண்டு. அன்பு மட்டும் போதாது. 1985இல் பயிற்சியில்லாத தொண்டர்கள் 800 பேரைக் காப்பாற்றினர் என்றும், காப்பாற்றச் சென்றோரில் 100 பேர் மாண்டனர் என்றும் அமெரிக்க நாட்டுப் பேரிடர்ப் பயிற்சி நூல்கள் கூறுகின்றன. ஒரு கல்லை எடுத்தால் எந்தக் கல் சரியும் என்று அறியாமல் கை வைப்பவன், கீழே இருப்பவனையும் கொன்று தானும் மடிவான். இன்னொன்றும் கேளுங்கள். பாரத்தின் அடியில் நெடுநேரம் நசுங்கிக் கிடந்த காலைத் திடீரென விடுவித்தால், நசுங்கிய தசையில் தேங்கிய நஞ்சு குருதியில் பரவி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும், சிறுநீரகம் கெடும். ஆகவே பாரத்தை எடுக்கும் முன்னரே மருத்துவர் ஊசிவழி நீர் ஏற்றுவர். உடனே தூக்கிவிடத் துடிக்கும் கை, அன்புடைய கைதான். ஆனாலும் அது கொல்லும்.

ஆதலின் அந்த அன்பருக்கு யாம் சொன்னது இதுவே: "மகனைத் தடுக்காதீர்கள், கற்காமல் செல்லவும் விடாதீர்கள்." நம் நாட்டிலும் அதற்கு வழி உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் 'ஆப்த மித்ரா' என்னும் திட்டத்தைத் தொடங்கி, வெள்ள அபாயமுள்ள மாவட்டங்களில் பொதுமக்களுள் தொண்டர்களைத் தேர்ந்து பயிற்றுவித்தது. பெயரின் பொருள் ஆபத்தில் நண்பன் என்பது. இக்கோயிலின் உழவாரப்பணி மன்றத்து இளைஞர்களே! கயிறு கட்டிக் கோபுரத்தில் ஏறி அரசங்கன்றைக் களையும் உங்களுக்குக் கயிறும் புதிதன்று, உயரமும் புதிதன்று. முதலுதவியையும் கற்றுக்கொள்ளுங்கள். திருக்குளத்தில் தெப்பம் நடக்கும் நாளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று உங்களுக்குள் எண்ணிப் பாருங்கள்.

ஒன்று எஞ்சியுள்ளது. சில நாட்கள் சென்றபின் இடிபாட்டிலிருந்து வருபவை பெரும்பாலும் உடல்களே. அப்போது செய்தியாளர் போய்விடுவர். வேடிக்கை பார்த்தோரும் கலைந்துவிடுவர். தொண்டர் போவதில்லை. கயிற்றுக்கு இப்பால் ஒரு தாயோ கணவனோ நின்றுகொண்டிருப்பார், எரிப்பதற்கோ புதைப்பதற்கோ ஓர் உடலாவது கிடைக்குமா என்று. சில உடல்களுக்காக அங்கே நிற்பவரும் இல்லை. ஆளில்லாத பிரேதத்துக்குச் செய்யும் கடன் பெருவேள்வியின் பயனைத் தரும் என்று நம் பெரியோர் விதித்திருக்கின்றனர். வந்தியின் பங்கிலும் கடைசிக் கூடை அது. அதனைச் சுமப்பவனுக்குப் பிட்டும் கிடைப்பதில்லை.

தீபாராதனைக்கு மணி ஒலிக்கின்றது. இவ்வளவில் அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.