புள்ளி பிழைக்க வேண்டும்



நெகிரி செம்பிலானில் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. சில வீடமைப்பு நிலங்களாயின. அங்கு வாழ்ந்தோரின் பெயர்கள் பழைய பள்ளி மலர்களிலும் கோயில் விழா அழைப்பிதழ்களிலும் எஞ்சியுள்ளன. அவற்றை வருடிப் படமாக்கி, எழுத்துணரியால் தேடத்தக்க உரையாக்க முனைந்தோம். அதற்குப் படச்செயலாக்க நிரல் நூலகம் ஒன்று வேண்டியிருந்தது. பள்ளியில் விண்டோஸ், இளைஞர்களிடம் மேக், எங்களிடம் லினக்ஸ். மூன்றிலும் இயங்குவதாலும் கட்டணமின்மையாலும், 1999இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பெற்ற ஓப்பன்சிவியைத் தெரிந்தோம்.

முதற் பக்கங்களிலேயே ‘பால் மரம்’ ‘பால மரம்’ ஆயிற்று. ‘முனியன்’ ‘முனியன’ ஆனார். குறை நூலகத்தினுடையதன்று, தூசு நீக்க நாங்கள் ஏவிய வடிகட்டியினுடையது. 0.4 மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளி, அங்குலத்திற்கு 150 பிக்சல் என வருடினால் ஏறத்தாழ இரண்டு பிக்சலே பெறும். 3×3 இடைநிலை வடிகட்டி அதனைத் தூசென அழித்துவிடும். 300 என வருடினால் ஐந்தளவு பெற்றுப் பிழைக்கும்.

மெய்யெழுத்தின் இயல்பாகத் தொல்காப்பியர் புள்ளியைக் கூறினார். ஓலை கிழியுமென்று ஏடெழுதுவோர் அதனை விடுத்தபோதும், படிப்போர் இடம்நோக்கி உணர்ந்தனர். தேடுபொறிக்கு அவ்வுணர்வு இல்லை. பேரன் ‘முனியன்’ எனத் தேடினால் ‘முனியன’ அகப்படாமற் போகலாம்.

எனவே, நூலகம் எல்லாக் கணினியிலும் இயங்குகிறதா என்பதோடு நில்லாமல், ஒவ்வொரு படிநிலையையும் தனியே நிறுத்திப் பார்க்க இடந்தருகிறதா எனக் காண்க. நம் பக்கம் ஒன்றிலுள்ள புள்ளிகளை முன்னும் பின்னும் எண்ணுக. மூலப் படத்தைத் திருத்தாது காக்க.